மலைக்கு இந்தப் பக்கம் ஒரு வீடு

ரூபர்ட், ஐடஹோ
17 ஜூன் 1979

அன்பு மகள் ரமோனாவுக்கு,

உன் சித்தப்பா டெல்பர்ட் எழுதுவது. இங்கே நானும் உன் சித்தி ஓபலும் குத்துக்கல் மாதிரி இருக்கிறோம். என் முழங்கால் வலி மட்டும் என்னைப் பிரிய மனமில்லாமல் கூடவே குடியிருக்கிறது. நீ எப்படி இருக்கிறாய்? நிலக்கரித் தூசி நெஞ்சில் இறங்காமல் பார்த்துக்கொள்.

உன் கடிதம் வந்தது. படித்ததிலிருந்து எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. நூற்றிருபது டன் லாரியைப் பொம்மை மாதிரி ஓட்டுகிற என் அண்ணன் மகளுக்கு அந்தச் சுரங்க ஊரில் தலைசாய்க்க இடமில்லையா? மூன்று பெண்கள் ஒரு மோட்டல் கட்டிலில் முறை வைத்துத் தூங்குகிறீர்களாமே! தாய்க்குச் சொந்தமாக ஒரு கூரை இருந்தால்தான் பிள்ளை மிஸ்டியைத் தருவேன் என்று நீதிபதி சொல்லிவிட்டார், அதுவரை குழந்தை உன் பழைய மாமியார் கிளாடிஸிடம். அவ்வளவுதானே சங்கதி? இதற்குப் போய் அழுவார்களா!

என்னிடம் டிரெய்லர் வீடு இருக்கிறது. இருபத்தாறடி நீளம். அடுப்பு, கட்டில், குளியலறை எல்லாம் உள்ளேயே. இழுக்க ஜெனரல் இருக்கிறான். அதுதான் எட்டுப் பேர் உட்காரும் என் பழைய வண்டி. பன்னிரண்டு வயது ஆனாலும் இன்னும் யானைதான். போன வருஷம் ஒரு ரயில் எஞ்சினையே சேற்றிலிருந்து இழுத்துப் போட்டவன்.

இதை எழுதும்போது உன் சித்தி தோளுக்கு மேலே எட்டிப் பார்க்கிறாள். "ரயில் எஞ்சினா? அது ரயில்வேக்காரன் வச்சிருந்த டிராக்டருய்யா" என்கிறாள். "ரயில்வே டிராக்டர்னா ரயில் சாதிதானேடி" என்றேன். தலையில் அடித்துக்கொண்டு அடுப்படிக்குப் போய்விட்டாள்.

வீட்டைக் கொண்டுவந்து உன் வாசலில் நிறுத்துவது என் பொறுப்பு. நீ இடத்தை மட்டும் பார்த்து வை.

உன் உடம்பைக் கவனித்துக்கொள்ளச் சொல்லும்,
சித்தப்பா டெல்பர்ட்

—

டஸ்ட் கிரீக், வயோமிங்
29 ஜூன் 1979

அன்புள்ள சித்தப்பாவுக்கும் சித்திக்கும்,

நான் சுகமாக இருக்கிறேன். சித்தப்பாவின் முழங்காலுக்குச் சித்தி ஒத்தடம் கொடுக்கிறார்களா?

கடிதத்தை லாரிக்குள்ளேயே பிரித்துப் படித்தேன். பின்னால் நின்ற லாரிக்காரன் ஹாரன் அடித்து, "யம்மா, காதல் கடிதாசியா? அப்புறம் படிக்கலாம், எடும்மா வண்டிய!" என்று கத்தினான்.

டிரெய்லர் மைதானத்தில் இடம் கேட்டேன். நாற்பத்தோராம் மனை எனக்கென்று எழுதிவிட்டார்கள். தண்ணீர்க் குழாயும் மின்கம்பமும் இருக்கின்றன. வீடுதான் இல்லை.

விசாரணை செப்டம்பர் 12. அதற்கு முன் கவுண்டி நிர்வாக அலுவலகத்திலிருந்து ஓர் அம்மா வந்து வீட்டைக் கண்ணால் பார்த்து எழுதிக் கொடுப்பார். மிஸ்டிக்கு அடுத்த மாதம் ஏழு வயது முடிகிறது. காஸ்பரில் பாட்டி வீட்டில் அவளை மாதத்தில் இரண்டு ஞாயிறு நான் பார்க்கலாம். போன தடவை புறப்படும்போது அவள் அழவில்லை. முன்பெல்லாம் அழுவாள்.

உங்களை நம்பியிருக்கிறேன், சித்தப்பா.

உங்கள் மகள்,
ரமோனா

—

ரூபர்ட், ஐடஹோ
20 ஜூலை 1979

அன்பு மகளுக்கு,

நாங்கள் நலம். ஓபலுக்கு மட்டும் என்மேல் கோபம், மற்றபடி ஆரோக்கியமாக இருக்கிறாள். நீ வேளாவேளைக்குச் சாப்பிடுகிறாயா?

டிரெய்லரை இரண்டு வாரமாக அலங்கரித்துக்கொண்டிருக்கிறேன். சும்மா ஒரு தகரப் பெட்டியைக் கொண்டுவந்து நிறுத்தினால் இந்த டெல்பர்ட்டுக்கு என்ன மரியாதை? அதில் நின்று குளிக்கத்தான் வசதி இருந்தது. என் பேத்தி நின்றா குளிப்பாள்? ஒரு பண்ணை வீட்டை இடித்தார்கள், அங்கிருந்து வார்ப்பிரும்புக் குளியல் தொட்டி ஒன்றைத் தூக்கி வந்து வால்பக்கக் குளியலறையில் வைத்துவிட்டேன். நான்கு ஆள் தூக்கினோம். நாலாவது ஆள் நான்தான், மற்ற மூன்று பேரும் சும்மா கை வைத்திருந்தார்கள்.

அது தவிர, பின் கட்டிலுக்கு அடியில் ஓபல் போட்ட பீச், ஆப்ரிகாட் பழப் பாட்டில்கள் இருநூறு. அதற்குப் பக்கத்தில் என் பட்டறைச் சாமான்கள். பின்னால் இருக்கும் தண்ணீர்த் தொட்டியிலும் எங்கள் ஊற்றுத் தண்ணீர் நாற்பது கேலன் நிரப்பிவிட்டேன். உங்கள் ஊர்த் தண்ணீர் துரு நாற்றம் அடிக்குமாமே.

பக்கத்து வீட்டு ஓரின் வந்து பார்த்துவிட்டு, "டெல்பர்ட்டு, உன் ஜெனரலோட மூக்கு வானத்தப் பாக்குதேடா" என்றான். "பெருமையில நிமிந்து நிக்கிறான்டா" என்றேன்.

பெட்ரோல் வரிசையில் ஒரு லாரிக்காரன் தெற்கே ராலின்ஸ் வழியாகப் போங்கள், சமதளம் என்று புத்தி சொன்னான். சமதளத்தில் போக நான் எதற்கு, யார் வேண்டுமானாலும் போகலாமே? பிக்ஹார்ன் மலையைத் தாண்டி நேராக வருகிறேன். தூரமும் மிச்சம், பார்க்கிறவனுக்கும் ஒரு காட்சி.

இம்மாதக் கடைசியில் புறப்பாடு.

ஆசிகளுடன்,
சித்தப்பா

—

டஸ்ட் கிரீக், வயோமிங்
25 ஜூலை 1979

அன்புள்ள சித்தப்பா,

நான் நலம். சித்தியின் கோபம் தணிந்திருக்கும் என்று நம்புகிறேன்.

உங்களுக்கு நான் சொல்லித்தர வேண்டியதில்லை. ஆனாலும் சுரங்கத்தில் முதல் நாள் எங்களுக்குச் சொன்னதை எழுதுகிறேன். ஏற்றத்தில் வண்டி நின்றுபோகும், அவ்வளவுதான். ஆளைக் கொல்வது இறக்கம். பின்பாரம் ஏறிய டிரெய்லர் இறக்கத்தில் சும்மா வராது. முன்னே போகும் வண்டியையே பிடித்து உலுக்கும். பாரம் அச்சுக்கு முன்னால் இருக்க வேண்டும், டிரெய்லரை வண்டியோடு மாட்டும் கொண்டியில் அழுத்த வேண்டும். ஜெனரலின் மூக்கு வானத்தைப் பார்க்கிறது என்றால் முன் சக்கரத்துக்குத் தரையில் பிடிமானம் குறைவு என்று அர்த்தம்.

தொட்டியை முன்னறைக்கு நகர்த்திவிடுங்கள், இல்லை அங்கேயே விட்டுவிட்டு வாருங்கள். தண்ணீரைக் கொட்டிவிடுங்கள், இங்கே தண்ணீர் இருக்கிறது. தெற்கு வழியாக வாருங்கள். இரண்டு நாள் கூடினால் என்ன?

தப்பாக நினைக்காதீர்கள். மிஸ்டிக்கு நின்று குளிக்கத் தெரியும்.

உங்கள்,
ரமோனா

—

டென்ஸ்லீப், வயோமிங்
8 ஆகஸ்ட் 1979

அன்பு மகளுக்கு,

இருவரும் நலம். பயணத்தில் ஓபலுக்குக் கொஞ்சம் தலைசுற்றல். இறங்கி நடந்தால் சரியாகிவிடுகிறது. உன் நலத்துக்கு எழுது.

உன் கடிதம் புறப்படும் அன்றைக்குக் கைக்கு வந்தது. சிரித்தேன் மகளே, சத்தமாகச் சிரித்தேன். நீ பிறப்பதற்கு முன்பே நான் வண்டி ஓட்டினவன். உன் அப்பாவுக்கு ஓட்டச் சொல்லிக் கொடுத்ததே நான்தான், அவன் எனக்கு மூத்தவன் என்றாலும். இருந்தாலும் நீ சொன்னாயே என்று தொட்டியை ஓர் அங்குலம் முன்னால் தள்ளினேன்.

பயணம் ராஜநடை. ஜாக்சன் பக்கம் ஒரு கரடி ரோட்டுக்குக் குறுக்கே வந்து நின்றது. ஹாரன் அடித்தேன். அது இரண்டு காலில் எழுந்து கும்பிட்டு வழிவிட்டது. ஒரு டயர் வெடித்தது, இரண்டு நிமிஷத்தில் மாற்றினேன். வண்டிக்கு வண்டி பேசிக்கொள்ளும் ரேடியோவில் லாரிக்காரர்கள் எல்லாம் என்னை "மலைச்சிங்கம்" என்றே கூப்பிடுகிறார்கள். அந்தப் பெயரை வைத்தது நானே என்றாலும், கூப்பிடுவது அவர்கள்தானே.

இப்போது மலையடிவாரத்தில் டென்ஸ்லீப்பில் ஓர் ஆற்றோர முகாமில் தங்கியிருக்கிறோம். எதிரே பள்ளத்தாக்கு வாயைப் பிளந்துகொண்டு நிற்கிறது. ஜெனரல் கொஞ்சம் மூச்சு வாங்கட்டும் என்று விட்டிருக்கிறேன். நாளைக்கோ மறுநாளோ ஏறிவிடுவோம்.

எனக்கு எழுதுவதை எல்லாம் டென்ஸ்லீப் தபால் நிலையத்துக்கே அனுப்பு. போஸ்ட்மாஸ்டர் என் உயிர்ச் சிநேகிதன் ஆகிவிட்டான். நான் எங்கே இருந்தாலும் தேடி அனுப்பி வைப்பான்.

சித்தப்பா

—

பஃபலோ, வயோமிங்
21 ஆகஸ்ட் 1979

அன்பு மகளுக்கு,

நலம், நலம். உன் நலமும் அப்படியே இருக்கும்.

மலையைத் தாண்டிவிட்டேன்! ஒன்பதாயிரத்து அறுநூறு அடி. உச்சியில் மேகம் கண்ணாடியைத் தொட்டது, துடைத்துவிட்டுப் போனேன். இறக்கத்தில் இரண்டு விரலால் ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு மறு கையால் காப்பி குடித்தேன். எதிரே வந்த டூரிஸ்டுகள் படம் எடுத்தார்கள்.

இப்போது பஃபலோவில் மலைக்கு அந்தப் பக்கம், அதாவது உன் பக்கம், நிற்கிறேன். ரேடியேட்டரைக் கொஞ்சம் கழுவ வேண்டியிருக்கிறது. அதற்கு ஒரு சாமான் வரவேண்டும். வந்ததும் ஒரே மிதி.

இன்னொன்று. நீதிபதிக்கு நானே ஒரு கடிதம் எழுதிப் போட்டுவிட்டேன். ஆறாவதோடு படிப்பை விட்டவன் என்றாலும் எழுத்தில் எனக்கு ஒரு கம்பீரம் உண்டு. உன்னைப் பற்றியும் வீட்டைப் பற்றியும் நாலு நல்ல வார்த்தை. அதைப் படித்தால் மனுஷன் விசாரணையே வேண்டாம் என்று சொல்லிவிடுவான் பார்.

ஓபல் தூங்குகிறாள். அவள் சொல்ல வேண்டியது ஒன்றும் இல்லை.

சித்தப்பா

—

டஸ்ட் கிரீக், வயோமிங்
30 ஆகஸ்ட் 1979

அன்புள்ள சித்தப்பா,

இங்கு நலம். சித்தி எப்படி இருக்கிறார்கள்? அவர்கள் கையால் ஒரு வரி எழுதச் சொல்லுங்களேன்.

பஃபலோவிலிருந்து எங்கள் ஊர் எழுபது மைல். ஒன்றரை மணி நேரம். போன ஞாயிறு மிஸ்டியைப் பார்க்கும் முறை. போகவில்லை. கிளாடிஸிடம் உடம்பு சரியில்லை என்று சொல்லிவிட்டு, ஒரு தோழியின் வண்டியில் பஃபலோ வந்தேன். அங்கே மூன்று முகாம்கள் இருக்கின்றன. மூன்றிலும் பார்த்தேன். பெட்ரோல் பங்குகளில் விசாரித்தேன். இருபத்தாறடி டிரெய்லரும் பழைய எட்டுப் பேர் வண்டியும் யார் கண்ணிலும் படவில்லை.

ஒருவேளை அன்றைக்கு வேறெங்காவது போயிருப்பீர்கள்.

கவுண்டி அம்மா அடுத்த வாரம் எந்த நாளிலும் வரலாம். நாள் சொல்ல மாட்டார்களாம்.

ரமோனா

—

ஷெரிடன், வயோமிங்
4 செப்டம்பர் 1979

அன்பு மகளுக்கு,

நலமாக இருக்கிறோம்.

அடடா, தவறவிட்டுவிட்டாயே! அந்த ஞாயிறுதான் நான் ஷெரிடனுக்கு வந்தேன். ஒரு மாட்டுப் பண்ணைக்காரனின் லாரி சாக்கடையில் இறங்கிக் கிடந்தது. "ஐயா, உங்க ஜெனரலை விட்டா எனக்கு நாதியில்ல" என்று காலில் விழாத குறை. இழுத்துக் கொடுத்தேன். அதில் கொண்டி லேசாக வளைந்துவிட்டது. கொல்லன் சரிசெய்கிறான்.

பத்தாம் தேதி காலையில் உன் வாசலில் ஹாரன் சத்தம் கேட்கும். அது நான்தான். நீ காப்பி மட்டும் போட்டு வை.

சித்தப்பா

—

டஸ்ட் கிரீக், வயோமிங்
13 செப்டம்பர் 1979

சித்தப்பாவுக்கு,

நேற்று விசாரணை நடந்தது. நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன்.

கவுண்டி அம்மா ஆறாம் தேதியே வந்து பார்த்திருக்கிறார். நாற்பத்தோராம் மனையில் ஒரு குழாயும் ஒரு கம்பமும் இருந்தன, அவற்றுக்கு நடுவே ஒரு நாய் படுத்திருந்தது என்று எழுதிக் கொடுத்திருக்கிறார். நீதிபதி அதைப் படித்துவிட்டு உங்கள் கடிதத்தை எடுத்தார். எல்லோருக்கும் கேட்கிற மாதிரி படித்தார். "என் கையாலேயே வீட்டை மனையில் நிறுத்தி, நாலு மூலையும் மட்டம் பார்த்து, வாசலில் ஜெரேனியம் தொட்டி வைத்துவிட்டேன். ரமோனா திரைச்சீலை தைத்துக்கொண்டிருக்கிறாள்."

"ஜெரேனியம் எங்கம்மா?" என்று என்னைக் கேட்டார்.

"இல்ல ஐயா."

"வீடு?"

"வந்துட்டிருக்கு ஐயா."

"இந்தக் கடிதாசி நீ எழுதச் சொன்னதா?"

இல்லை என்றேன். அவர் நம்பவில்லை. கிளாடிஸின் வக்கீல் சிரித்தார். கிளாடிஸ் சிரிக்கவில்லை. அந்தம்மா என்னைப் பரிதாபமாகப் பார்த்ததுதான் தாங்க முடியவில்லை.

கடைசித் தவணை அக்டோபர் 10. அன்றைக்கும் வீடு இல்லையென்றால் மிஸ்டி நிரந்தரமாகக் காஸ்பரில்தான்.

டென்ஸ்லீப்பிலிருந்து, பஃபலோவிலிருந்து, ஷெரிடனிலிருந்து என்று நீங்கள் எழுதிய மூன்று உறைகளையும் மேஜையில் வரிசையாக வைத்துப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். மூன்றிலும் டென்ஸ்லீப் முத்திரைதான். பஃபலோ கடிதம் வந்தபோதே பார்த்தேன். பார்க்காத மாதிரி இருந்துவிட்டேன். அது என் தப்பு.

நீங்கள் நலமாக இருக்க வேண்டும். அதில் மாற்றமில்லை.

ரமோனா

—

டென்ஸ்லீப், வயோமிங்
19 செப்டம்பர் 1979

ரமோனா கண்ணு,

சித்தி ஓபல் எழுதுகிறேன். எனக்கு உடம்புக்கு ஒன்றுமில்லை. அவருக்கும் உடம்புக்கு ஒன்றுமில்லை.

உன் கடிதத்தை நான்தான் அவருக்குப் படித்துக் காட்டினேன். ஜெரேனியம் என்ற இடத்தில் எழுந்து ஆற்றங்கரைக்குப் போனவர், இருட்டும் நேரத்தில்தான் திரும்பி வந்தார். அதிலிருந்து பேச்சு இல்லை. நாற்பத்திரண்டு வருஷத்தில் இந்த மனுஷன் வாயை மூடி நான் பார்த்தது இதுதான் முதல் தடவை. பேசுகிறபோது எரிச்சலாக இருக்கும். பேசாமல் இருக்கும்போது பயமாக இருக்கிறது.

நாங்கள் மலையைத் தாண்டவே இல்லை. ஆகஸ்ட் ஒன்பதாம் தேதி பள்ளத்தாக்கில் ஏறினோம். முக்கால்வாசி தூரத்தில் ஜெனரல் கொதித்துப் புகைந்து நின்றுவிட்டான். சரி, திரும்பிவிடலாம் என்று ஓர் அகலமான இடத்தில் திருப்பினார். இறக்கத்தில்தான் வந்தது வினை. டிரெய்லர் முதலில் லேசாக ஆடியது. அப்புறம் எங்களைப் பிடித்து இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் வீசியது. பிரேக்கிலிருந்து புகை. "மிதிய்யா, மிதிய்யா" என்று நான் கத்த, "மிதிச்சிட்டுத்தாண்டி இருக்கேன்" என்று அவர் கத்த, கடைசியில் ஒரு சரளை மேட்டில் உரசி நின்றோம். இறங்கிப் பார்த்தால் டிரெய்லரின் பின் சக்கரம் ஒன்று தரையில் இல்லை. கீழே ஆறு ஒரு நூல் மாதிரி தெரிந்தது. நான் முகாம் வரைக்கும் ஏழு மைல் நடந்தே வந்தேன். அவரையும் டிரெய்லரையும் இன்னொருவரின் லாரி கட்டி இறக்கிக் கொண்டுவந்தது.

அன்றிலிருந்து தினமும் காலையில் ஜெனரலைப் பின்னால் எடுத்து டிரெய்லரில் கொக்கி மாட்டுகிறார். எஞ்சினை ஓடவிட்டு ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு அரை மணி நேரம் உட்கார்ந்திருக்கிறார். கியரைத் தொடுவதே இல்லை. அப்புறம் இறங்கிக் கொக்கியைக் கழற்றிவிட்டு உள்ளே வந்துவிடுகிறார். சில நாள் உனக்குக் கடிதம் எழுதினார். நானும் தடுக்கவில்லை. கடிதத்திலாவது தாண்டட்டும் என்று விட்டுவிட்டேன். உன் குழந்தை நடுவில் இருப்பதை நினைத்துப் பார்க்கவில்லை கண்ணு. அது என் தப்பு.

"வேற யாரையாவது வச்சு இழுக்கலாம்" என்று நூறு தடவை சொல்லிவிட்டேன். "என் வண்டியை இன்னொருத்தன் தொடுறதா?" என்றுதான் சொல்வார்.

நீ இன்னொருத்தன் இல்லையே.

சித்தி

—

டஸ்ட் கிரீக், வயோமிங்
7 அக்டோபர் 1979

மதிப்பிற்குரிய நீதிபதி ஐயா அவர்களுக்கு,

வணக்கம். தாங்களும் குடும்பத்தாரும் சுகமாக இருக்கப் பிரார்த்திக்கிறேன். நான் டெல்பர்ட், ரமோனாவின் சித்தப்பா. ஜெரேனியம் கடிதம் எழுதிய ஆள்.

அதில் எழுதியது அத்தனையும் என் சொந்தச் சரக்கு. ரமோனாவுக்கு அதைப் பற்றி ஒன்றும் தெரியாது. வீடு அன்றைக்கு மலைக்கு அந்தப் பக்கம் டென்ஸ்லீப்பில் நின்றது. எனக்குப் பயமாக இருந்தது. இதற்கு முன் இந்த வாக்கியத்தை நான் எழுதியதில்லை ஐயா, எழுத்துப் பிழை இருந்தால் மன்னிக்கவும்.

போன சனிக்கிழமைக்கு முந்தின சனிக்கிழமை, செப்டம்பர் 29, ரமோனா பஸ்ஸில் வந்து இறங்கினாள். இரவு வேலை முடித்து நேராக வந்ததால் முகத்தில் கரி. நான் திட்டு வாங்கத் தயாராக இருந்தேன். அவள் டிரெய்லரைச் சுற்றி வந்தாள், கொண்டியைக் குனிந்து பார்த்தாள், "சித்தப்பா, சாவி" என்றாள். அவ்வளவுதான். நான் கொடுத்தேன்.

அவள் முதலில் பீட்ரூட் சர்க்கரை ஆலையின் எடைமேடைக்கு இழுத்துப் போனாள். டிரெய்லர் ஏழாயிரத்து இருநூறு பவுண்டு. ஜெனரலுக்கு ஆறாயிரத்துக்கு மேல் கூடாது என்று கதவுக்குள்ளே தகட்டில் எழுதியிருக்கிறது. பன்னிரண்டு வருஷமாக நான் அந்தத் தகட்டைப் படித்ததில்லை. குளியல் தொட்டியை இறக்கினோம். அதில் இப்போது முகாம்காரரின் குதிரை தண்ணீர் குடிக்கிறது. ஊற்றுத் தண்ணீரைத் திறந்துவிட்டாள். பட்டறைச் சாமானும் போயிற்று. பழப் பாட்டில்களில் முக்கால்வாசியை ஊராருக்குக் கொடுத்துவிட்டு, மீதியை முன்னறையில் தரையோடு அடுக்கினாள். மறுபடி எடை போட்டால் ஐயாயிரத்து எழுநூறு. ஜெனரலின் மூக்கு கீழே இறங்கியது.

மலை வழியே வரவில்லை. நூற்று முப்பது மைலுக்குப் பதில் தெற்கே சுற்றி முந்நூற்று இருபது மைல். நாற்பதுக்கு மேல் முள் போகவில்லை. இறக்கம் வருவதற்கு முன்பே கியரைக் குறைத்தாள், பிரேக்கைத் தொட்டுத் தொட்டு விட்டாள். பின்னால் வந்தவன் ஹாரன் அடித்தால் ஒதுங்கி வழிவிட்டாள். காற்று மணிக்கு நூறு மைல் வேகத்தில் அடித்தது. ஓபல் பக்கத்தில் இருக்கிறாள், அதை அடிக்கச் சொல்கிறாள். நாற்பது மைல். நான் பக்கத்து இருக்கையில் கண்ணை மூடிக்கொண்டிருந்தேன். "சித்தப்பா, தூங்குறீங்களா?" என்றாள். ஆமாம் என்றேன். அதுவும் பொய்தான்.

மறுநாள் காஸ்பர் ஊருக்குள் வந்தபோது அவள் வேகம் குறைந்தது. குழந்தை இருக்கும் தெரு அடுத்த திருப்பம் என்று எனக்கும் தெரியும். "ஒரு நிமிஷம் நிறுத்திக் காட்டிட்டுப் போம்மா, புள்ள சந்தோஷப்படும்" என்றேன். "இன்னைக்கு என் முறை இல்ல சித்தப்பா" என்று சொல்லிவிட்டு நேரே போனாள். இதில் ஒரு எழுத்துகூட நான் கூட்டிச் சொல்லவில்லை ஐயா.

வீடு இப்போது நாற்பத்தோராம் மனையில் நிற்கிறது. அடுப்பு எரிகிறது. கூரையில் ஓர் இடத்தில் ஒழுகியது, நேற்று அடைத்தேன், மழை வந்தால்தான் சரியா என்று தெரியும். உரிமைச் சீட்டை ரமோனா பெயருக்கு எழுதிக் கையெழுத்துப் போட்டுவிட்டேன், நகல் உள்ளே இருக்கிறது. ஜெரேனியம் இல்லை. திரைச்சீலையும் இல்லை, ஜன்னலில் இப்போதைக்கு ஒரு போர்வை தொங்குகிறது. யாரை வேண்டுமானாலும் எந்த நாளிலும் அனுப்பிப் பார்த்துக்கொள்ளுங்கள்.

என் பொய்க்கு என்னைத் தண்டியுங்கள். நான் கிழவன், தாங்குவேன். அந்தப் பிள்ளைக்கு ஏழு வயது.

தங்கள் உண்மையுள்ள,
டெல்பர்ட்

—

டஸ்ட் கிரீக், வயோமிங்
28 அக்டோபர் 1979

அன்புள்ள சித்தப்பாவுக்கும் சித்திக்கும்,

ஊர் போய்ச் சேர்ந்த செய்தி கிடைத்தது. ஜெனரலும் நீங்களும் நலம் என்று அறிந்து நிம்மதி. இங்கே முதல் பனி விழுந்துவிட்டது. நாங்கள் நலம்.

நாங்கள் என்று எழுதியிருக்கிறேன், பார்த்தீர்களா?

அன்றைக்கு நீதிமன்றத்தில் இருந்த நீங்களே பத்துப் பேருக்கு இதற்குள் சொல்லியிருப்பீர்கள். ஆனால் நீங்கள் வராந்தாவுக்குப் போன பிறகு நடந்தது உங்களுக்குத் தெரியாது. உங்கள் கடிதத்தை நீதிபதி இந்தத் தடவை சத்தமாகப் படிக்கவில்லை. மேஜைக்கு மேலே தள்ளி, "நீங்களே படிச்சுப் பாருங்கம்மா" என்று கிளாடிஸிடம் கொடுத்தார். அந்தம்மா மூக்குக் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு கடைசி வரை படித்தார். "என் தெருமுனை வரைக்கும் வந்தியாடி?" என்று என்னைக் கேட்டார். ஆமாம் என்றேன். வக்கீல் ஏதோ சொல்ல எழுந்தார். "நீ உக்காருப்பா" என்று கிளாடிஸ் அவரிடம் சொல்லிவிட்டார். அடுத்த ஞாயிற்றுக்கிழமை அவரே மிஸ்டியைக் கூட்டிக்கொண்டு வந்தார், பெட்டி நிறையத் துணியோடு. போகும்போது கிளாடிஸ் அழுதார். நான் அவருக்கு ஒரு பீச் பாட்டில் கொடுத்தேன், வேறென்ன கொடுப்பது என்று தெரியவில்லை.

மிஸ்டி முதல் வாரம் ஷூவைக் கழற்றாமலே தூங்கினாள். கோட்டும் போட்டுக்கொள்வாள். கழற்றச் சொன்னால், "பரவால்லம்மா, குளுருது" என்பாள். அடுப்பு எரிந்துகொண்டிருக்கும். இரண்டு மூன்று தடவை நான் வேலை முடிந்து வரும்போது வாசற்படிக்குக் கீழே குனிந்து எதையோ பார்த்துக்கொண்டிருந்தாள்.

நேற்றுக் கேட்டே விட்டாள். "இந்த வீட்டுக்குச் சக்கரம் இருக்கே, யாரு வேணா கொக்கி மாட்டி இழுத்துட்டுப் போயிடலாமா?"

இன்றைக்கு எனக்கு விடுமுறை. தோழியிடமிருந்து ஜாக்கி வாங்கி வந்தேன். மிஸ்டி நட்டுகளை ஒவ்வொன்றாக எண்ணி ஒரு டப்பாவில் போட்டாள். நான்கு சக்கரங்களையும் கழற்றி, வீட்டை மரக்கட்டைகளின் மேல் உட்கார வைத்துவிட்டேன். நீங்கள் ஒன்றரை மாதம் பாடுபட்ட அந்தக் கொண்டியையும் துணி சுற்றிக் கட்டிவிட்டேன். கோபித்துக்கொள்ளாதீர்கள்.

இப்போது இதை எழுதுகிறேன். மிஸ்டி தூங்குகிறாள். அவள் ஷூ இரண்டும் கதவுக்குப் பக்கத்தில் இருக்கின்றன.

உங்கள் மகள்,
ரமோனா